அனுப்புவதா, சாய்ஸில் விடுவதா?

தமிழ்நாட்டில் பொதுத் தேர்வு எழுதிய எல்லோருமே ஏதாவது ஒரு பாடத்தைச் சாய்ஸில் விட்டவர்கள்தான். ஆனால் தேர்வெல்லாம் முடிந்து, தலைமுடியும் பாதி உதிர்ந்து, ஐம்பது வயதைத் தாண்டிய பிறகும் சாய்ஸில் விடுவதை நிறுத்தாத மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் உண்டு. அவர் சிட்லபாக்கத்தில் எங்கள் தலைக்கு மேலே, மாடி போர்ஷனில், பதினோரு வருடம் குடியிருந்தார்.

அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. கேஸ் சிலிண்டர் ரசீதில் ஒருமுறை பார்த்தேன், மனதில் நிற்கவில்லை. தெருவுக்கு அவர் சாய்ஸ் சார். மறைமலை நகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பொறுப்பு. யாருக்கும் எந்தப் பாடமும் நடத்தியவர் இல்லை. நடத்தியிருந்தாலும் பாதிப் பாடம்தான் நடத்தியிருப்பார்.

பத்துக் கேள்வி கொடுத்து, அதில் ஏதேனும் ஏழுக்கு விடையளி என்பார்கள் அல்லவா, அந்த ஏற்பாட்டை அவர் வாழ்க்கைக்கே எடுத்துக்கொண்டிருந்தார். குடிவந்த புதிதில் எனக்கு விளக்கினார்.

"மேடம், கேள்வித்தாள் எடுத்தவரே மூணு வேணாம்னு சொல்றாரு. அவர் பேச்சை மீறி பத்தையும் படிச்சுட்டுப் போறது மரியாதையா?"

நான் யோசித்துப் பார்த்தேன். தப்பு எங்கே இருக்கிறது என்று சட்டென்று பிடிபடவில்லை. அவரிடம் பேசினால் எப்போதும் இதுதான் கதி. எங்கேயோ இடிக்கும், எங்கே என்று தெரியாது.

தெருக்கோடி வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம். பத்திரிகையில் முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம் என்று இரண்டு போட்டிருந்தது. சாய்ஸ் சார் அதைப் படித்துவிட்டு, "எனி ஒன் ஆஃப் தி டூ" என்றார். வரவேற்புக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். முகூர்த்தத்துக்குப் போகவில்லை. பெண்ணின் அப்பா மனது கேட்காமல் இரண்டு நாள் கழித்து வந்து, "என்ன சார், தாலி கட்டற நேரத்துல உங்களைக் காணோமே?" என்று கேட்டார்.

"நான்தான் முதல் நாளே அட்டெண்ட் பண்ணிட்டேனே சார். ரெண்டாவதுக்கு எனக்கு மார்க் கிடையாது."

தாம்பரம் பஸ் ஸ்டாண்ட் எதிரே சாப்பாட்டு ஓட்டலுக்குப் போனாலும் இதே கூத்துதான். இலையைச் சுற்றி எட்டுக் கிண்ணம் வைத்தால், சாதம் வருவதற்கு முன்பே மூன்று கிண்ணங்களை ஓரமாகத் தள்ளிவிடுவார். ஒருநாள் என் வீட்டுக்காரரும் கூடப் போயிருந்தார். சார் தள்ளியதில் பாயசமும் போயிற்று. சர்வருக்குப் பொறுக்கவில்லை.

"சார், எல்லாரும் பாயசத்துக்குன்னே வர்றாங்க. நீங்க அதையே தள்ளிட்டீங்களே?"

"அதான் தள்ளினேன். எல்லாரும் எழுதற கேள்விக்கு மார்க் கறாராப் போடுவாங்க."

அந்தச் சர்வர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனவர் சமையலறை வாசலில் நின்று ஒரு நிமிடம் திரும்பிப் பார்த்தாராம். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். நானும் அதே முகத்தோடுதான் பதினோரு வருடம் மாடிப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவருடைய ஸ்கூட்டரில் வலது பக்கம் மட்டும்தான் கண்ணாடி. தாம்பரம் சிக்னலில் ஒரு போக்குவரத்துக் காவலர் கை காட்டி நிறுத்தினார்.

"இன்னா சார், ஒரு கண்ணாடி கீது, இன்னொண்ணு எங்க?"

"ரெண்டுல ஒண்ணு போதும்னு சாய்ஸ்ல விட்டுட்டேன்."

காவலர் சாவதானமாக அபராத மெஷினை எடுத்தார். "சர்தான் சார். இது மட்டும் கம்பல்சரி."

மனிதர் கோபப்படுவார் என்று பார்த்தால், ஒரு வாரம் அந்தக் காவலரையே புகழ்ந்துகொண்டிருந்தார். "நம்ம சப்ஜெக்ட் தெரிஞ்ச ஆளு மேடம்" என்றார்.

கல்யாணமும் இப்படித்தான் கைநழுவியது. அவருடைய அக்கா மூன்று பெண்களின் போட்டோவை ஒரே கவரில் போட்டுக் கொடுத்தாராம். எந்த இரண்டைச் சாய்ஸில் விடுவது என்று இவர் யோசித்துக்கொண்டே இருக்க, மூன்று பேருக்கும் வேறு வேறு ஊரில் கல்யாணம் ஆகிவிட்டது. "டைம் முடிஞ்சு பேப்பரைப் பிடுங்கிட்டாங்க மேடம்" என்று சொல்லிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டு, அன்றைக்கு வைத்த கூட்டில் ஒரு கிண்ணம் எங்கள் பெண் நிவியிடம் கொடுத்து மாடிக்கு அனுப்புவேன். கிண்ணம் கழுவித் திரும்பி வரும். எங்கள் வீட்டுக் கிண்ணத்தை அவர் ஒருநாளும் ஓரமாகத் தள்ளியதில்லை என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை.

இப்படிப்பட்டவர் குடியிருந்த வீட்டில்தான் நிவி பன்னிரண்டாம் வகுப்பில் அமெரிக்கக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க ஆரம்பித்தாள்.

அவளுக்குத் தவளைகளைப் பற்றிப் படிக்க வேண்டும். சிட்லபாக்கம் ஏரி நிரம்பித் தெருவுக்குள் வந்த வருடம் அவளுக்குப் பத்து வயது. கீழ்வீட்டில் முழங்கால் தண்ணீர். நாங்கள் மூவரும் மூன்று நாள் சாய்ஸ் சார் வீட்டில்தான் இருந்தோம். மாடிப்படியில் வரிசையாகத் தவளைகள் ஏறி உட்கார்ந்திருந்தன. மிதக்கிற பீரோவைப் பார்த்து நான் அழுதுகொண்டிருக்க, இவள் படியில் உட்கார்ந்து தவளைகளுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தாள். அன்று பிடித்த பிடிவாதம், விடவே இல்லை.

அமெரிக்காவில் ஒரு சின்ன ஊரில் இருக்கிற ஒரு கல்லூரியில் வாழ்நாள் முழுவதும் தவளைகளோடே கழித்த பேராசிரியை ஒருவர் இருக்கிறார் என்று கண்டுபிடித்து வைத்திருந்தாள். செலவு முழுவதையும் கல்லூரி ஏற்றால்தான் எங்களால் அனுப்ப முடியும். அப்படி ஏற்கிற கல்லூரிகளில் தவளை இருந்தது இது ஒன்றில்தான். ஆகவே ஒரே கல்லூரி, ஒரே விண்ணப்பம். கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் கிடையாது.

எஸ்.ஏ.டி. என்று ஒரு தேர்வு. அமெரிக்காவில் கல்லூரிக்குப் போகிறவர்கள் எழுதுவது. இவளும் எழுதினாள், மதிப்பெண் வந்தது. கல்லூரியின் இணையப் பக்கத்தில் சென்ற வருடம் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் இவ்வளவிலிருந்து இவ்வளவு வாங்கியிருந்தார்கள் என்று இரண்டு எண்கள் போட்டிருந்தது. நிவி வாங்கியது அதில் முதல் எண். ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. உள்ளே வந்தவளா, வெளியே நிற்பவளா என்று சொல்ல முடியாதபடி சரியாக வாசற்படியில் நின்றாள்.

அதற்குக் கீழே இன்னொரு வரி. மதிப்பெண் அனுப்புவது உங்கள் விருப்பம், அனுப்பாவிட்டால் பாதகம் இல்லை, அது உங்களைச் சரியாகக் காட்டும் என்று நினைத்தால் அனுப்புங்கள். விண்ணப்பத்தில் இரண்டு வட்டங்கள். ஆம், இல்லை. அந்த இரண்டு வட்டங்கள் எங்கள் வீட்டின் நிம்மதியைத் தின்றுவிட்டன.

என் வீட்டுக்காரர் சாய்ஸ் சாருக்கு நேர் எதிர். பள்ளியில் ஏழு கேட்டால் பத்தும் எழுதியவர். அடிஷனல் ஷீட் வாங்கி வாங்கி நூல் கட்டியவர். அவர் ஒரேயடியாக அனுப்பு என்றார்.

"விருப்பம்னு போட்டா நிஜமாவே விருப்பம்னு அர்த்தமா? இவ ஸ்கூல்ல ஞாயித்துக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ், விருப்பமுள்ளவங்க வரலாம்னு சொன்னாங்க. போகலை. திங்கக்கிழமை யாரைக் கூப்பிட்டாங்க? என்னைத்தானே?"

எனக்கும் உள்ளுக்குள் அதே சந்தேகம்தான். நம் வீட்டுக்கு வருகிறவர்கள் "காபியெல்லாம் வேணாங்க" என்பார்கள். அதை நம்பி யாராவது காபி போடாமல் இருக்கிறோமா? அமெரிக்கக்காரன் வேண்டாம் என்று சொன்னால் நிஜமாகவே வேண்டாமா, அல்லது இரண்டாம் முறை வற்புறுத்துவோம் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறானா, யாருக்குத் தெரியும்?

ஏரிக்கரையில் காலையில் நடக்கிறவர்களிடம் கேட்டேன். ஒரு பெண்மணி, அனுப்பாவிட்டால் குறைவு என்று அவர்களே முடிவு கட்டிவிடுவார்கள் என்றார். அவருடைய கணவர், அனுப்பினால் குறைவு என்று கண்ணாலேயே பார்த்துவிடுவார்கள் என்றார். இருவரும் அங்கேயே சண்டை போட ஆரம்பித்ததால் நான் நடையை எட்டிப் போட்டேன்.

என் வீட்டுக்காரர் கல்லூரிக்கே மின்னஞ்சல் எழுதினார். மறுநாளே பதில் வந்தது. எழுதியதற்கு மகிழ்ச்சி, உங்களுக்கு எது பொருத்தமாகப் படுகிறதோ அதைச் செய்யுங்கள் என்றிருந்தது. அதை அவர் மூன்று முறை படித்துவிட்டு, "இது பதிலா?" என்று என்னைக் கேட்டார், நான்தான் எழுதியது போல.

கடைசியில் மாடியேறினோம். சாய்ஸ் சார் முழுவதையும் கேட்டார். இரண்டே நொடியில் தீர்ப்புச் சொன்னார்.

"ஆப்ஷனல்னா சாய்ஸ். சாய்ஸ்னா விட்டுடணும். இதுல யோசிக்க என்ன சார் இருக்கு?"

அந்த விண்ணப்பத்தில் இன்னொரு விருப்பக் கட்டமும் இருந்தது. ஆசிரியர் அல்லாத, உன்னை நன்றாக அறிந்த ஒருவர் விரும்பினால் கடிதம் எழுதலாம் என்று. என் வீட்டுக்காரர் தன் கம்பெனி டைரக்டரைக் கேட்கலாம் என்றார். நான் பாட்டு டீச்சர் என்றேன். நிவி எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கடிதம் கேட்டு மெயில் போகும்படி சாய்ஸ் சாரின் மின்னஞ்சல் முகவரியைப் போட்டு அனுப்பிவிட்டு, கூட்டுக் கிண்ணத்தோடு மாடிக்குப் போய்ச் சொன்னாள். அவர் கையை உதறினார்.

"அதுவும் ஆப்ஷனல்தானே நிவி? விட்டுடு. என் பேரை எழுதி இடத்தை வீணாக்காதே."

என் வீட்டுக்காரருக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "போயும் போயும் இவரைக் கேட்டிருக்கியே. இந்த மனுஷன் பாயசத்தையே விடறவர்மா" என்றார். கடிதக் கட்டத்தை அத்தோடு மறந்துவிட்டோம். மதிப்பெண் கட்டம் ஒன்றே எங்கள் மூன்று பேருக்கும் போதுமானதாக இருந்தது.

அந்த டிசம்பரில் சாய்ஸ் சாரின் போக்கே சரியில்லை. துணி காயப்போட நான் மொட்டை மாடிக்குப் போனால் பின்னாலேயே வந்து நிற்பார்.

"மேடம், அந்த வெள்ளத்தப்ப படியில எத்தனை தவளை?"

"யார் சார் எண்ணினாங்க?"

"நிவி எண்ணினா. பதினாலுன்னு ஞாபகம். பதினாறா?"

இன்னொரு நாள், பிடிவாதம் என்பதைத் திட்டுவது போல இல்லாமல் நல்ல விதமாக ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று கேட்டார். டிடர்மின்டு என்று சொல்லலாம் என்றேன். "அது எல்லாரும் எழுதற வார்த்தை" என்று முனகிக்கொண்டே போய்விட்டார். என் வீட்டுக்காரரை வாசலில் நிறுத்தி, நிவி தனக்குப் போனில் சிலிண்டர் பதிவு செய்யச் சொல்லிக்கொடுத்தது எந்த வருடம் என்று விசாரித்தார். இவர் உள்ளே வந்து, "பாவம், மனுஷனுக்கு ஞாபக மறதி ஆரம்பிச்சுடுச்சுபோல" என்றார்.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி, அவர் தீர்ப்பை மாற்றியதுதான். ஒருநாள் காலையில் பால் பாக்கெட் எடுக்க வந்தவர் தயங்கி நின்றார்.

"மேடம், மார்க்கை ஒருவேளை அனுப்பலாமோ?"

எனக்குக் கையிலிருந்த பாக்கெட் நழுவப் பார்த்தது. அத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து 'ஒருவேளை' என்ற சொல்லை நான் கேட்டதில்லை. மறுநாள் வந்து, "வேணாம் மேடம், விட்டுடலாம்" என்றார். அதற்கடுத்த நாள், "அனுப்பறதா இருந்தா மட்டும் எங்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க" என்றார். ஏன் என்று கேட்டால் பால் பாக்கெட்டோடு மாடியேறிவிடுவார். எங்களுக்கிருந்த குழப்பம் போதாதென்று மாடியிலிருந்து வேறு தினம் ஒரு குழப்பம் இறங்கி வந்தது. சாய்ஸ் சாருக்கே தெரியவில்லை என்றால் நாங்கள் யாரிடம் போவது?

கடைசி நாளும் வந்தது. அமெரிக்காவில் இரவு பதினொன்று ஐம்பத்தொன்பது வரை அனுப்பலாம். நமக்கு அது மறுநாள் காலை பத்து இருபத்தொன்பது. அந்தக் கணக்கில் என் வீட்டுக்காரருக்கு நம்பிக்கை இல்லாததால் விடிந்ததிலிருந்தே விண்ணப்பத்தைத் திறந்துவைத்து உட்கார்ந்துவிட்டோம். அவர் ஆபீசுக்கு லீவு. மேலே சாய்ஸ் சாரும் வேலைக்குப் போகவில்லைபோல. குறுக்கும் நெடுக்கும் நடக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

பத்து மணி ஆயிற்று. நிவி 'ஆம்' என்பாள், அப்பா தலையசைப்பார். 'இல்லை' என்பாள், நான் பெருமூச்சு விடுவேன். மறுபடி 'ஆம்'. பத்தேகாலுக்கு அவளுக்கே வெறுத்துப்போய், "இருங்கம்மா, மத்ததெல்லாம் சரியா இருக்கான்னு பாத்துட்டு வரேன்" என்று முதல் பக்கத்துக்குப் போனாள். மூன்று வாரமாக அந்த இரண்டு வட்டங்களையே முறைத்துக்கொண்டிருந்ததில் அந்தப் பக்கத்தை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை.

பள்ளிச் சான்றிதழ், பச்சை டிக். கட்டுரை, பச்சை டிக். ஆசிரியர் கடிதம், பச்சை டிக். பிறர் கடிதம், விருப்பமிருந்தால். அதற்கு எதிரிலும் ஒரு பச்சை டிக்.

நிவி அந்த டிக்கின் மேல் விரலை வைத்தாள். பிறகு, "அம்மா, சார் எழுதிட்டாரும்மா" என்றாள்.

வந்து சேர்ந்த தேதி இரண்டு வாரத்துக்கு முந்தையது. அதைத் திறந்து படிக்க முடியாது. படிக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று அவளே ஆரம்பத்தில் டிக் அடித்திருந்தாள். என் வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி அந்த வரியைப் பார்த்தார். எனக்குத் தவளைக் கணக்கும், பிடிவாதமும், சிலிண்டரும் ஒவ்வொன்றாக விளங்க ஆரம்பித்தன. நாங்கள் மறதி என்று நினைத்தது அந்த மனிதரின் கடிதம்.

நிவி மதிப்பெண் பக்கத்துக்குத் திரும்பினாள்.

"எக்ஸ்ட்ரா கேள்வி ஒண்ணு எழுதியாச்சுப்பா. மார்க்கைச் சாய்ஸ்ல விட்டுடலாம்."

'இல்லை' என்ற வட்டத்தைத் தொட்டாள். அவள் அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். பத்து இருபத்தொன்றுக்கு விண்ணப்பம் போயிற்று. அடுத்த நிமிடம் அவள் மாடிப்படியில் இருந்தாள், பின்னாலேயே நாங்களும்.

சாய்ஸ் சார் கதவைத் திறந்ததும் முதலில் கேட்டது, "அனுப்பினியா, விட்டியா?" என்றுதான்.

"விட்டுட்டேன் சார்."

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அப்பாடா. மார்க்கைப் பத்தி அதுல ஒரு வரி எழுதித் தொலைச்சுட்டேன். அனுப்பினா இடிக்குமோ, அனுப்பலைன்னா இடிக்குமோன்னு ரெண்டு வாரமா எனக்குச் சோறு இறங்கலை."

"என்ன வரி சார்?" என்றார் என் வீட்டுக்காரர்.

"அது கான்ஃபிடென்ஷியல்."

"ஆப்ஷனல், விட்டுடுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?" என்று நான் கேட்டேன். அவர் எங்கள் மூவரையும் பார்க்காமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார்.

"சொன்னேன். அப்புறம் ஈமெயிலைத் திறந்தா, கேள்வியில நம்ம நிவி பேரு போட்டிருந்தது மேடம். பேர் போட்டு வந்த கேள்வியை எப்படிச் சாய்ஸ்ல விடறது?"

அன்றைக்கும் நான் யோசித்துப் பார்த்தேன். முதல் முறையாக எங்கேயும் இடிக்கவில்லை.

மார்ச் கடைசியில் இடம் கிடைத்தது. செலவும் அவர்களுடையதே. மதிப்பெண் அனுப்பாததாலா, தவளையாலா, அந்தக் கடிதத்தாலா, எங்களுக்குத் தெரியாது. அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என் வீட்டுக்காரர் இன்றும் சாப்பிடும்போது பாதியில் நிறுத்திக் கேட்கிறார். நிவி அங்கே முழங்கால் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஏதோ குட்டையில் நிற்கிற படம் அனுப்புகிறாள். முதலில் சாய்ஸ் சாருக்கு அனுப்புவாள், எங்களுக்கு அப்புறம்தான்.

இந்த வருடம் அவருடைய தொழிற்சாலை ஒரகடம் பக்கம் மாறிப்போனது. அவரும் அந்தப் பக்கமே வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார். அவர் இல்லாமல் வீடு என்னவோ போல இருக்கிறது. கூட்டு வைக்கிற நாளில் கை தன்னால் ஒரு கிண்ணம் கூடுதலாக எடுக்கிறது. மாடியை வாடகைக்குக் கேட்டு வாரம் இரண்டு பேராவது வருகிறார்கள். கொடுக்கலாமா என்று என் வீட்டுக்காரர் கேட்கும்போதெல்லாம், இப்போதைக்கு அதைச் சாய்ஸில் விடுங்கள் என்று சொல்லிவிடுகிறேன்.